எம்.ஆர்.ஐ. கான்ட்ராஸ்ட் ஊசி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மாமியாருக்கு வயது 67, இனிப்புநீர் 12 வருடமாக இருக்கிறது. மூளைக்குக் கான்ட்ராஸ்ட் ஊசி (படத்தில் கோளாறை எடுப்பாகக் காட்டும் மருந்து) போட்டு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். ஊசி சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், இனிப்புநீர் மாத்திரையான மெட்ஃபார்மினையும் நிறுத்த வேண்டும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அவர்கள் சொல்வது சி.டி. ஸ்கேனுக்குப் போடும் அயோடின் மருந்தைப் பற்றி. எம்.ஆர்.ஐ.க்குப் போடுவது கடோலினியம் என்ற உலோகம் உள்ள மருந்து. வழக்கமான அளவில் போடும்போது இதற்காக மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டியதில்லை.

கடோலினியம் நல்ல சிறுநீரகத்தைக் கெடுப்பதைவிட, கெட்டுப்போன சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாமல் போவதே ஆபத்து. சிறுநீரகம் நன்றாக இருந்தால் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் அதன் அளவு பாதியாகும். ஒரு நாளில் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் ரத்தத்தை எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்கு) 30க்குக் கீழே இருந்தால் மருந்து தேங்கி, உலோகம் மருந்தின் பிடியிலிருந்து கழன்று, தோலும் மூட்டுகளும் இறுகிப்போகும் நோய் அபூர்வமாக வரலாம். இந்தத் தொடர்பு 2006இல்தான் தெரியவந்தது. பெரும்பாலும் பழைய 'நீள்வடிவ' மருந்துகளால் வந்தது. 'வளைய வடிவ' மருந்து உலோகத்தை இறுக்கமாகப் பிடித்திருப்பதால் அந்த ஆபத்து மிகமிகக் குறைவு. எந்த வகை போடுகிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

முதலில் ரத்தப் பரிசோதனை. சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினினின் அளவை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். அது 110 மைக்ரோமோல் என்றால், 25 வயது ஆணுக்கு இ.ஜி.எஃப்.ஆர். சுமார் 80 வரும். உங்கள் மாமியார் வயதுப் பெண்ணுக்கு 50க்குக் கீழே இறங்கிவிடும். டயாலிசிஸ் செய்பவர் என்றால் ஸ்கேனை டயாலிசிஸுக்குச் சற்று முன்பாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அளவு எடைக்கு ஏற்றபடி: கிலோவுக்கு 0.1 மில்லிமோல். 60 கிலோ உள்ளவருக்கு மருந்தின் செறிவைப் பொறுத்து 6 அல்லது 12 மில்லி. கை சில்லிடுவது, லேசான குமட்டல் வந்து போகும். ஊசி போட்ட இடம் எரிந்தாலோ வீங்கினாலோ, மூச்சு திணறினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ கையில் தரும் பஸ்ஸரை உடனே அழுத்தச் சொல்லுங்கள். முன்பு இதே மருந்தால் ஒவ்வாமை வந்திருந்தால் மறைக்காமல் முன்கூட்டியே சொல்வது மிக அவசியம். இறால், மீன் ஒவ்வாமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தாலிச் சங்கிலி, மெட்டி, சேலை ஊக்கு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடலாம்.

பயத்தில் ஊசியை மறுத்துவிடாதீர்கள். ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு சேதமான இடத்தில்தான் இந்த மருந்து கசிந்து வெளுப்பாகத் தெரியும். சிறிய கட்டியும் மூளையுறை அழற்சியும் ஊசியில்லாப் படத்தில் கண்ணில் படாமலே போகலாம்.

கேள்வி: முதுகு வலிக்கு ஊசியில்லாமல் எடுத்தார்கள். சரியாகப் பார்த்திருப்பார்களா?
– வாசகர், செந்தூல்

பதில்: பார்த்திருப்பார்கள். டிஸ்க் விலகலுக்கு ஊசி தேவையில்லை. முதுகில் ஏற்கெனவே ஆபரேஷன் நடந்திருந்தால்தான் கதை வேறு: தழும்பா, டிஸ்க் மறுபடி பிதுங்கியதா என்று பிரித்தறிய ஊசி உதவும்.

கேள்வி: பால் கொடுக்கிறேன். ஊசி போட்டபின் நிறுத்த வேண்டுமா?
– வாசகி, பாயான் லெப்பாஸ்

பதில்: வேண்டாம். தாய்ப்பாலில் சேர்வது போட்ட அளவில் 0.04 சதவீதத்துக்கும் குறைவு; அதிலும் குழந்தையின் குடல் உறிஞ்சுவது மிகச் சொற்பம். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும்.