பிள்ளை மடுவத்தில் பல் அடிபட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

தோட்டத்துச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் ஒன்றில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பதாகவும், பிள்ளைகள் விழுந்து பல்லில் அடிபட்டால் முதலுதவியாக என்ன செய்வது, பெட்டியில் எதை வைத்திருப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில், எங்கள் ஆட்கள் இன்னமும் பிள்ளை மடுவம், பிள்ளைக்காம்பரா என்றே சொல்லும் அப்படியொரு நிலையத்தில் 11 ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள் நான்.

விழுந்த பல்லைக் கையில் எடுக்கும் முன் பிள்ளையின் வயதை நினையுங்கள். 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் வாயில் இருப்பவை பாற்பற்கள். அவற்றின் வேரை ஒட்டியே நிரந்தரப் பல்லின் முளை உள்ளே வளர்ந்துகொண்டிருப்பதால், கழன்ற பாற்பல்லைத் திரும்பவும் குழியில் திணித்தால் அந்த முளை சேதமடையக்கூடும். ஆகவே பாற்பல்லை ஒருபோதும் திருப்பி வைக்கக் கூடாது. 6, 7 வயதில் முளைக்கும் நிரந்தர முன்பல்லின் கதை இதற்கு நேர்மாறானது. அது வேரோடு கழன்றால் அந்த இடத்திலேயே, அந்த நிமிடத்திலேயே திருப்பி வைக்க வேண்டும். நம்மிடம் இருப்பவர்கள் சின்னப் பிள்ளைகள்தானே என்று எண்ணிவிடாதீர்கள். பாடசாலை விட்டதும் தம்பி தங்கையைப் பார்க்க வந்து, அம்மா மலையிலிருந்து இறங்கும் வரை நம் முற்றத்தில் ஓடியாடும் பிள்ளைகளும் நம் பொறுப்புத்தான்.

அப்படி வந்த 8 வயதுப் பையன் ஒருவன், மழையில் பாசி பிடித்திருந்த சீமெந்துப் படியில் வழுக்கி விழுந்ததில், மேல்வரிசை முன்பல் ஒன்று முழுதாகக் கழன்று மண்ணில் விழுந்தது. நான் அதைப் பைப்படியில் வைத்து விரலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து, கடதாசித் துண்டொன்றில் சுற்றி அவனுடைய அம்மாவிடம் கொடுத்தேன். சுத்தமாகக் கொடுத்தனுப்புகிறேன் என்றுதான் நினைத்தேன். வான் பிடித்து அவர்கள் வைத்தியசாலைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய 2 மணித்தியாலம் ஆகிவிட்டது. வேரைச் சுற்றியிருந்த மெல்லிய சவ்வு தேய்ந்து, காய்ந்தும் போய்விட்டதால், பல்லை வைத்தாலும் நெடுநாள் நிலைக்காது என்று பல் வைத்தியர் சொன்னாராம், நிலைக்கவும் இல்லை. பல்லைத் தாடையோடு பிடித்து வைத்திருக்கும் உயிரணுக்கள் அந்தச் சவ்வில்தான் இருக்கின்றன என்பதும், வெளியே 30 நிமிடம் காய்ந்தாலே அவற்றில் பெரும்பாலானவை இறந்துவிடும் என்பதும் எனக்கு அதன் பிறகுதான் தெரிந்தது.

ஆகவே நிரந்தரப் பல்லை, வேரில் விரல் படாமல், வாயில் வெள்ளையாகத் தெரியும் பகுதியை மட்டும் பிடித்து எடுங்கள். மண் ஒட்டியிருந்தால் தேய்க்காமல் பாலில் அலசுங்கள். பால் கைக்கெட்டாவிட்டால் குளிர்ந்த தண்ணீரில் சில விநாடிகள் காட்டினால் போதும். முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று பக்கத்துப் பல்லோடு ஒப்பிட்டுப் பார்த்துக் குழியில் மெதுவாக அழுத்தி வைத்து, மடித்த கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்லி, உடனே அனுப்பிவிடுங்கள். பிள்ளை பயத்தில் வாயைத் திறக்காவிட்டாலோ, மயக்கமாக இருந்தாலோ, பல்லைப் பாலில் போட்டு மூடிக் கையோடு கொடுத்தனுப்ப வேண்டும். தண்ணீரில் ஊற வைப்பது அந்த உயிரணுக்களுக்கு நல்லதல்ல.

நம் மலைப்பகுதியில் இந்தப் பாலுக்கு இருக்கும் மதிப்பு வேறு. தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கிலிருந்து பிரதான வீதிக்கு இறங்கவே நேரம் எடுக்கும். பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்குப் போகச் சொன்னால் மணிக்கணக்கான பயணம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத நிலையங்களுக்கு, அறையிலேயே மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் சிறிய திரவப் பால் பக்கற் பொருத்தமானது. சொக்லட் பாலோ, சீனி கலந்த பாலோ வேண்டாம், வெறும் பாலாக இருக்கட்டும். புளித்த பாலும் தயிரும் உதவாது. மூடி இறுக்கமான சிறு போத்தல், கையுறை, கிருமி நீக்கிய கோஸ் துணி ஆகியவற்றையும் பக்கத்திலேயே வையுங்கள்.

சின்னப் பிள்ளை விழுந்தால் பல்லைப் பார்க்கும் முன் தலையைப் பாருங்கள். நினைவு தப்பினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ 1990 இலக்கத்துக்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸை வரவழையுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. மேலுதட்டின் உட்பக்கத்து நாண் கிழிந்தால் இரத்தம் நம்மையே நடுங்க வைக்கும் அளவுக்கு வரும். பிள்ளையை உட்கார வைத்துத் தலையைச் சற்று முன்னால் சாய்த்து, கோஸ் துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். யார் சொன்னாலும் கோப்பித்தூளை அப்ப விடாதீர்கள். வீக்கத்துக்கு ஐஸ் தேட வேண்டியதில்லை, நம் பைப்புத் தண்ணீரில் நனைத்த துணியே போதிய குளிர்ச்சி தரும்.

பல்லைக் காணவில்லை என்றால் கட்டாயம் தேடுங்கள். அது முரசுக்குள் (ஈறுக்குள்) புதைந்திருக்கலாம், விழுங்கியிருக்கலாம், மூச்சுக் குழாய்க்குள்ளும் போயிருக்கலாம். விடாமல் இருமினாலோ மூச்சில் விசில் சத்தம் கேட்டாலோ ஒரு கணமும் தாமதிக்கக் கூடாது. புதைந்த பாற்பல்லை நோண்டாதீர்கள், பல சமயம் சில மாதங்களில் அது தானாகவே இறங்கிவிடும். எப்படியிருந்தாலும் பிள்ளையைப் பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். காயத்தில் மண் பட்டிருந்தால், ஏற்பு (டெட்டனஸ்) தடுப்பூசி போட்டாயிற்றா என்று பார்க்கக் கிளினிக் அட்டையையும் கொடுத்தனுப்புங்கள். அடிபட்ட பாற்பல் சில வாரங்களில் சாம்பல் நிறமாக மாறக்கூடும். முரசில் வீக்கமோ சீழோ கண்டால் உடனே திரும்பக் காட்ட வேண்டும் என்று அம்மாவிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

பால் பக்கற்றின் திகதியை நான் பிள்ளைகளுக்கு நிறை பார்க்கும் நாளில் பார்ப்பது வழக்கம். முடியப்போகிறது என்றால் அதைக் காய்ச்சிப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிட்டு, அன்று மாலையே கடையிலிருந்து புதியதை வாங்கி வைத்துவிடுவேன்.