வீட்டு மரத்தை வெட்டினால் பதிலுக்குப் பத்து மரம் வைத்தே ஆகவேண்டுமா?

திருப்பூர் பக்கம் வீடு கட்டப்போவதாகவும், மனைக்குள் ஒரு வேம்பும் வாசலுக்கு வெளியே ரோட்டோரம் ஒரு புங்கனும் இடைஞ்சலாக நிற்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் எடுத்தால் ஒன்றுக்குப் பத்து நடவேண்டும் என்று யாரோ சொன்னது உண்மையா என்பது கேள்வி.

பாதி உண்மை. மரம் யார் நிலத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

வேம்பை முதலில் பார்ப்போம். அது பட்டா மனைக்குள் நிற்கிறது, உங்கள் மரம். டெல்லியில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி சொந்த வீட்டு மரத்தை எடுக்கவும் அனுமதி வாங்கவேண்டும், பதிலுக்கு நடவும் வேண்டும். கர்நாடகத்திலும் 1976இலிருந்து இப்படி ஒரு சட்டம் இருக்கிறது. நெட்டில் தேடினால் முதலில் வந்து நிற்பது இந்த ஊர்க் கதைகள்தான். தமிழ்நாட்டுச் சமவெளியில் எல்லா மரத்துக்கும் பொதுவாக அப்படியொரு சட்டம் இல்லை. மலை ஏறினால் கதை வேறு: நீலகிரியில் சொந்த எஸ்டேட் மரமானாலும் 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி குழுவின் அனுமதி இல்லாமல் கோடாலி வைக்க முடியாது.

சமவெளியிலும் சில மரங்களுக்குத் தனிக் கணக்கு உண்டு. சந்தனம் உங்கள் தோட்டத்திலேயே முளைத்திருந்தாலும் வனத்துறை வழியாகத்தான் வெட்டமுடியும். தேக்கை வெட்டி வெளியே கொண்டுபோக பர்மிட் வேண்டும். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். உங்கள் வேம்பு இந்த வரிசையில் இல்லை. கட்டட அனுமதி ஆணையில் மரம் பற்றி ஏதாவது நிபந்தனை போட்டிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். விற்று லாரியில் ஏற்றுவதாக இருந்தால் வனச்சரக அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

புங்கன் விஷயம்தான் பெரிது. நட்டது உங்கள் தாத்தாவாகவே இருக்கட்டும், ரோட்டோரத்தில் நிற்பது அரசு மரம். புறம்போக்கு மரங்களுக்கு வி.ஏ.ஓ.விடம் ‘2சி’ என்று தனிக் கணக்கே இருக்கிறது. பலன் எடுத்துக்கொள்ள சிலருக்கு 2சி பட்டா கொடுப்பார்கள். புளி உலுக்கும் உரிமை அப்படி வருவதுதான். அந்தப் பட்டா கையில் இருந்தாலும் மரத்தை வெட்டும் உரிமை வராது. கோட்டாட்சியருக்கு மனு போடவேண்டும். வருவாய்த்துறையினர் வந்து பார்ப்பார்கள், வனத்துறை மரத்துக்கு விலை போடும், அப்புறம் ஏலம். பொது இடத்து மரங்களுக்காக ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது. ‘ஒன்றுக்குப் பத்து’ என்ற நிபந்தனை பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். ராத்திரியோடு ராத்திரியாக வெட்டிவிட்டு “காத்துல சாஞ்சுருச்சுங்க” என்று சொல்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு யோசனை: கேட்டை நாலடி தள்ளி வைக்க முடியாதா? கார் திரும்ப இடமில்லை என்றால் நியாயம். வாஸ்துக்காரர் சொன்னார் என்பது மட்டும் காரணமென்றால் எனக்கு உடன்பாடில்லை.

சரி, பத்து மரம் எப்படி வைக்கப்படுகிறது என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் பக்கம் ரோடு அகலப்படுத்த வயசான புளியமரங்களை எடுத்தார்கள். பதிலுக்குக் கன்றுகள் வந்தது சித்திரை வெயிலில். முழ ஆழக் குழி, அதில் வேர் பிடித்த கறுப்புப் பை பாதி கிழிந்தும் கிழியாமலும், மேலே பச்சை வலை. போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். தண்ணி லாரி வந்தவரை கன்று இருந்தது. அதற்கப்புறம் வலையை யாரோ அவரைப் பந்தலுக்கு எடுத்துக்கொண்டார்கள், மிச்சத்தை ஆடு பார்த்துக்கொண்டது. காகிதத்தில் பத்தும் நட்டாயிற்று. நட்ட எண்ணிக்கையைக் கேட்பவர்கள் மூன்றாம் வருஷம் எத்தனை நிற்கிறது என்று கேட்பதில்லை. எனக்கு இந்த விதிமேல் இருக்கிற ஒரே குறை இதுதான்.

அதனால் அனுமதி கிடைத்து, நடும் பொறுப்பு உங்கள் தலையில் வந்தால், எந்த இடம், யார் தண்ணீர் ஊற்றுவது என்ற இரண்டையும் எழுத்திலேயே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் லே-அவுட்டில் பூங்காவுக்கென்று விட்ட இடம் முள் மண்டிக் கிடந்தால் அதைக் கேட்டுப் பாருங்கள். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட லே-அவுட்டில் ரோடு போக மீதி நிலத்தில் பத்து சதவீதம் பொது இடமாக விட்டிருக்கவேண்டும்.

நம்ம பக்கம் தென்மேற்குப் பருவத்தில் மழையைவிடக் காற்றுதான் அதிகம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்றுக்கு இளங்கன்று தாங்காது. புரட்டாசிக் கடைசியில் குழி எடுத்து, ஐப்பசி மழைக்கு நடுங்கள். குல்மொஹர் வேண்டாம், கிளை முறிந்து கரண்ட் கம்பிமேல் விழும். வேம்பு, புங்கன், பூவரசு போதும். இடம் இருந்தால் ஒரு வெள்வேல். காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் தண்ணி ஊற்ற ஆளில்லாமலே நிற்கிற மரம் அது.

ஆலும் அரசும் கன்றாகத்தான் வைக்கவேண்டும் என்றில்லை. கை மொத்தத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு போத்தை, அதாவது நடுவதற்கான கிளையை, வெட்டி, மேல் நுனியில் பசுஞ்சாணியை அப்பி, நல்ல ஆழமாக ஊன்றினால் துளிர்க்கும். ஆட்டுக்கு எட்டாத உயரத்தில் துளிர் வருவது பெரிய சௌகரியம். இதை மட்டும் வீட்டுப் பக்கம், செப்டிக் டேங்க் பக்கம் வைத்துவிடாதீர்கள். ஊர்ப் பொது இடத்துக்குத்தான் அது.