ஃபில்டரைத் திரவ நைட்ரஜனில் முக்கிப் பார்த்தால் போதுமா?

கேள்வி: விண்வெளித் தொலைநோக்கிக்கான அகச்சிவப்புக் கருவி ஒன்றின் மாதிரியைக் கல்லூரியில் செய்துவருகிறோம். அதில் 1644 நானோமீட்டரைச் சுற்றிய குறுகிய அலைநீளப் பட்டையை மட்டும் கடத்தும் குறும்பட்டை ஃபில்டர் ஒன்று உள்ளது. எந்த அலைநீளத்தில் அது எவ்வளவு ஒளியைக் கடத்துகிறது என்ற வரைபடம் அறை வெப்பநிலைக்கு மட்டுமே கிடைத்தது. கருவி இயங்குவதோ 80 கெல்வினில். திரவ நைட்ரஜனில் முக்கியெடுத்து, ஒளியை அலைநீளவாரியாக அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். வெளியே எடுத்ததுமே காற்றின் ஈரம் அதன்மேல் உறைபனியாகப் படிந்துவிடும். நீங்கள் அளப்பது அந்தப் பனியைத்தான். திடீர்க் குளிரில் ஃபில்டரின் மேலுள்ள மெல்லிய பூச்சு விரிசல் விடவும் கூடும். ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் அடங்கும், ஜன்னல் வைத்த சிறிய கிரையோஸ்டாட் (வெற்றிடத்தில் பொருளைக் குளிராக வைத்திருக்கும் கலம்) ஒன்றை இரவல் வாங்கியாவது பயன்படுத்துங்கள்.

முதலில் காற்றில் அளந்துகொள்ளுங்கள். அடுத்து, குளிரூட்டாமல் வெற்றிடத்தில் மட்டும். பலரும் தாண்டிப்போவது இந்தப் படியைத்தான். சாதாரண ஆவிப்படிவுப் பூச்சில் நுண்துளைகள் உண்டு. அவற்றிலுள்ள ஈரம் வெற்றிடத்தில் வெளியேறியதும் பட்டை குறைந்த அலைநீளத்துக்கு நகரும். குளிரும் பெரும்பாலும் அதே பக்கம்தான் தள்ளும். ஃபில்டர் சற்றுச் சாய்ந்திருந்தாலும் அதே பக்கம்தான்: பூச்சின் சராசரி ஒளிவிலகல் எண் 1.8 என்றால், 5 டிகிரி சாய்வு உங்கள் பட்டையை ஏறக்குறைய 2 நானோமீட்டர் நகர்த்திவிடும். மூன்றையும் பிரித்து அளக்காவிட்டால் எல்லாப் பழியும் குளிரின் தலையில் விழும்.

சரி, குளிர்விக்கும்போது? வெப்பமானி 80 என்று காட்டுவது பிடிமானத்தின் வெப்பநிலையை. கண்ணாடி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். போதாததற்கு ஜன்னல் வழியாக அறையின் வெப்பமும் அதன்மேல் விழுகிறது. அதனால் வெப்பநிலையை அளக்கும் சிலிக்கான் டயோடு ஒன்றை ஃபில்டரின் ஓரத்திலேயே பொருத்துங்கள். டயோடு நிலைத்த பிறகும் வரைபடம் நகர்ந்துகொண்டிருந்தால் நடுப்பகுதி இன்னும் குளிரவில்லை என்று அர்த்தம், காத்திருங்கள்.

ஃபில்டரைச் சுற்றியுள்ள கவசம் முதலில் குளிரட்டும், மிச்சமிருக்கும் நீராவி அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். பனியை அலட்சியம் செய்யாதீர்கள். யூக்ளிட் என்ற ஐரோப்பிய விண்வெளித் தொலைநோக்கியில் மெல்லிய பனி படிந்து ஒளி குறைந்தபோது, 2024 மார்ச்சில் ஒளியைப் பிரதிபலிக்கும் ஒரே ஒரு ஆடியின் வெப்பநிலையை 34 டிகிரி உயர்த்தினார்கள். 15 சதவீதம் கூடுதல் ஒளி வந்தது. பனி 3 மைக்ரான் அலைநீளத்தருகே ஒளியை நன்றாக உறிஞ்சும். உங்கள் ஸ்பெக்ட்ரோமீட்டர் அதுவரை எட்டுமானால், ஃபில்டர் இருந்த இடத்தில் அதே அளவு வெறும் குவார்ட்ஸ் துண்டை வைத்து ஒருமுறை குளிர்வித்துப் பாருங்கள். வரைபடத்தில் அந்த 3 மைக்ரான் பகுதியில் புதிதாகப் பள்ளம் விழுந்தால் கசிவையோ ஈரத்தையோ தேட வேண்டியதுதான்.

கடைசியில் அறை வெப்பநிலைக்குத் திரும்பி, வெற்றிடத்திலேயே மறுபடி அளந்துபாருங்கள். இரண்டாவது அளவீட்டோடு அது பொருந்தாவிட்டால் பூச்சில் ஏதோ மாறியிருக்கிறது. மைக்ரோஸ்கோப்பில் ஓரங்களிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்.