பழைய வீடியோ கேம் சேகரிப்புச் சந்தை படுத்துவிட்டதா?

காட்பாடி வீட்டைக் காலி செய்யும்போது ஒரு பெட்டி நிறைய பழைய கேம் கேசட்டுகள் கிடைத்ததாகவும், சந்தை சரிகிறது என்பதால் உடனே விற்றுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

சந்தை படுக்கவில்லை, காய்ச்சல்தான் இறங்கியிருக்கிறது. கொரோனா ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் வாங்கிக் குவித்ததில் விலை எகிறியது. 2021 ஜூலையில் அமெரிக்காவில், உறை பிரிக்காத 'சூப்பர் மாரியோ 64' கேம் கேசட் ஒன்று 15.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அது விளையாடுகிறவர் கொடுக்கும் விலையா என்ன? அப்படி முதலீடாக வாங்கப்பட்ட மூடிய பெட்டிகள்தான் அப்புறம் பலமாக அடிவாங்கின.

சரி, உங்கள் பெட்டிக்கு வருவோம். தொண்ணூறுகளில் நம் ஊர் வீடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற கேம் கருவியைப் பார்த்துச் செய்த நகல்கள். '9999999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே அதே நாலைந்து விளையாட்டுகள் பெயர் மாறி மாறி வரும். ஒரு கேசட்டைத் திறந்து பாருங்கள். சிப்புக்குப் பதில் தார் சொட்டியதுபோல் கரும்பொட்டு இருந்தால் அநேகமாக நகல்தான். இவற்றுக்குப் பெரிய விலை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அதனால் அவசரப்பட ஒன்றுமில்லை.

பெட்டியில் டிவியைக் குறிபார்த்துச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி இருந்தால் பிக்சர் டியூப் வைத்த பழைய டிவியும் வேண்டும், பிளாட் டிவியில் அது குறி பிடிக்காது. எங்கள் சத்துவாச்சாரி வீட்டு டிவியை அம்மா காயலான் கடைக்குப் போட்டுவிட்டார், துப்பாக்கி மட்டும் பரணில் தூங்குகிறது.

கேசட்டை வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் பின்களை அரிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள்.