வித்தியாசம் 340 ரூபாய்

அன்புள்ள அக்கா,

வணக்கம். போன வாரம் 'பிகமிங் வாரன் பஃபெட்' ஆவணப்படம் பார்த்தேன். அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட்டைப் பற்றி 2017இல் எச்பிஓ வெளியிட்ட படம். பார்த்த அன்று தூக்கம் வரவில்லை, மறுநாள் இரவும் உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். அவருடைய பணம் என்னைப் பெரிதாகத் தொடவில்லை. அந்த வயதில் தானே காரை ஓட்டிக்கொண்டு சந்தோஷமாக ஆபீசுக்குப் போகிறாரே, அதுதான் என்னவோ செய்துவிட்டது. எனக்குக் காலையில் கம்பெனி பஸ் வருவதற்குள் வயிற்றைப் பிசைகிறது.

எனக்கு 29 வயது. பி.காம். முடித்துவிட்டு ஏழு வருடமாக ஒரு தனியார் நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கிறேன். டேலி மென்பொருளில் என்ட்ரி போடுவது, ஜிஎஸ்டி ரிட்டர்ன், மாதக் கடைசியில் பேங்க் ரீகன்சிலியேஷன், அதாவது எங்கள் கணக்கை வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்ப்பது. வீட்டுக் கடன் தவணை என் சம்பளத்தில்தான் போகிறது. தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பணத்தேவையே இல்லை என்றால் எந்த வேலையைச் செய்வீர்களோ அதைத் தேடிப் போங்கள் என்று மாணவர்களிடம் பஃபெட் பல வருடமாகச் சொல்லிவருகிறார். எனக்குப் பணத்தேவை இருக்கிறதே அக்கா, அப்படியானால் அந்த அறிவுரை எனக்கானது இல்லையா? இதைவிடக் கஷ்டம், தேவை இல்லாவிட்டால் என்ன செய்வேன் என்று யோசித்தால் ஒன்றுமே தோன்றவில்லை. பாட்டு, சினிமா, எழுத்து எதிலும் எனக்குத் தனி ஆர்வம் கிடையாது. ஆபீசிலும் ஒட்டாத ஆள். போன மாதம் பேங்க் கணக்கில் 340 ரூபாய் வித்தியாசம் வந்தது. ரவுண்ட் ஆஃபில் போட்டுவிட்டுக் கிளம்பு என்றார்கள். என்னால் முடியவில்லை. கண்டுபிடித்துவிட்டு எழுந்தபோது இரவு மணி ஒன்பதரை. இப்படித்தான் மாட்டிக்கொண்டு கிடக்கிறேன். தனக்குப் பிடித்த வேலை எது என்று ஒருவனுக்கு இந்த வயதுக்குள் தெரிந்திருக்க வேண்டாமா?

அன்புடன்,
முரளி

*

அன்புள்ள முரளி,

அந்தப் படத்தை நானும் பார்த்திருக்கிறேன். நம்மவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது அந்தக் காலைச் சாப்பாட்டுக் காட்சியைத்தான் சொல்வார்கள். ஆபீஸ் போகும் வழியில் அவர் சாப்பாடு வாங்க, இப்போதைய மனைவி காரில் சின்னக் கப்பில் காசு போட்டு வைப்பார். 2.61, 2.95, 3.17 டாலர் என்று மூன்று தொகை. பங்குச்சந்தை இறங்கிய நாளில் 3.17 வேண்டாம் என்று முடிவெடுப்பார். நல்ல காட்சிதான். ஆனால் உங்கள் கேள்விக்கு உதவுவது அவருடைய இருபதாவது வயது. அதிலிருந்து தொடங்குகிறேன்.

1951இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் கிரஹாமிடம் படித்து முடித்தார் பஃபெட். உங்கள் முதலீட்டு நிறுவனத்தில் சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறேன் என்று கிரஹாமிடம் கேட்டார். கிரஹாம் எடுத்துக்கொள்ளவில்லை. ஒமாஹாவுக்குத் திரும்பி, அப்பாவின் பங்குத் தரகு நிறுவனத்தில் விற்பனை வேலையில் சேர்ந்தார். பதினோரு வயதில் சிட்டிஸ் சர்வீஸ் பங்குகளைத் தனக்கு மூன்று, அக்கா டோரிஸுக்கு மூன்று என்று வாங்கியவர் அவர். பங்கு என்றால் அப்படியொரு பித்து. சொந்த ஊர், சொந்த அப்பாவின் ஆபீஸ், பிடித்த துறை. இதைவிட என்ன வேண்டும் என்று நீங்களும் நானும் சொல்லியிருப்போம்.

அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. கமிஷனுக்காக ஒருவரிடம் ஒரு பங்கைத் தள்ளிவிடுவது அவருக்கு ஒத்துவரவில்லை. மாத்திரை விற்ற கணக்குக்குச் சம்பளம் வாங்கும் மருந்துக்காரர் மாதிரி உணர்ந்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதே நாட்களில் மூடீஸ் கையேடுகளை, நிறுவனங்களின் கணக்கு விவரங்களைப் பொடி எழுத்தில் அடைத்த தடித்தடியான புத்தகங்களை, பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஏறத்தாழ 10,000 பக்கம். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. இதைச் செய் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

முரளி, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். துறை ஒன்றுதான், மேஜை ஒன்றுதான். அந்த மேஜையில் நடந்த ஒரு காரியம் அவரை வாட்டியது, இன்னொரு காரியம் அவரை எழுந்திருக்க விடவில்லை. பிடித்த வேலை என்றதும் நாம் டாக்டர், எஞ்சினியர், இயக்குநர் என்று பெரிய பெரிய பெயர்ப்பலகைகளை நினைத்துக்கொள்கிறோம். பிடிப்பதும் பிடிக்காததும் அந்தப் பலகைக்கு உள்ளே, ரொம்பச் சின்ன அளவில் இருக்கிறது. பங்குச்சந்தையே தனக்குப் பிடிக்கவில்லை என்று அவர் அன்றைக்கு முடிவுகட்டியிருந்தால் அது தப்பான முடிவு. அக்கவுண்ட்ஸே உங்களுக்குப் பிடிக்கவில்லை என்கிற மாதிரி நீங்கள் எழுதும்போதும் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வருகிறது.

என் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குமாரபாளையத்தில் எங்கள் வீட்டை ஒட்டி நாலு விசைத்தறி ஓடியது. தறி ஓட்டுவது, நூலுக்கு அலைவது, கூலிக்குப் பேசுவது எல்லாமே அப்பாவுக்குச் சுமைதான். ஆனால் ஒரு பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளின் தொகுதி, முடிந்து புதுப் பாவு வரும் நாளில் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழைக்கு இழை பிணைக்க வேண்டும், ஆயிரக்கணக்கான இழைகள். அதற்கென்றே ஆட்கள் உண்டு, கூப்பிட்டால் வருவார்கள். அப்பா கூப்பிடமாட்டார். தறிக்கு அடியில் கால் நீட்டி உட்கார்ந்து, விரலில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு இழையாக முறுக்கிக்கொண்டே போவார். அம்மா காபி டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். அது ஏடு கட்டிக் கிடக்கும். பிணைத்து முடித்ததும் உள்ளங்கையை இழைகளின் மேல் ஒருமுறை படர விடுவார், குழந்தையின் முதுகைத் தடவுவது போல. உனக்கு என்ன வேலை பிடிக்கும் என்று அவரிடம் யாரும் கேட்டதே கிடையாது. கேட்டிருந்தால், தறிக்காரனுக்கு என்ன பிடித்தம் என்றிருப்பார்.

தறி என்றதும் பஃபெட்டின் நிறுவனமான பெர்க்‌ஷயர் ஹாத்தவே நினைவுக்கு வருகிறது. உலகத்துக்கே தெரிந்த அந்தப் பெயர் மாசசூசெட்ஸில் நியூ பெட்ஃபோர்டில் இருந்த ஒரு துணி ஆலையுடையது. 1964இல் அந்த ஆலையின் தலைவர், பஃபெட்டிடம் இருந்த பங்குகளை வாங்கிக்கொள்ள, பங்குக்குப் பதினொன்றரை டாலர் தருகிறேன் என்று வாயால் சொல்லிவிட்டு, கடிதத்தில் ஒரு டாலரில் எட்டில் ஒரு பங்கைக் குறைத்து எழுதினார். பஃபெட்டுக்குக் கோபம் வந்துவிட்டது. விற்பதற்குப் பதிலாக வாங்கி வாங்கிக் குவித்து, 1965இல் ஆலையையே கைப்பற்றினார். கோபத்தில் செய்த தப்பு என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். இருபது வருடம் இழுத்துப் பார்த்துவிட்டு 1985இல் மூடினார். 1981இல் ஒன்று 5,000 டாலர் என்று வாங்கிய தறிகளை 50 டாலருக்குக்கூடக் கேட்க ஆளில்லை, கடைசியில் 26 டாலருக்குப் பழைய இரும்பாகப் போட்டோம் என்று 1985ஆம் வருடப் பங்குதாரர் கடிதத்தில் எழுதினார். அந்த வரியை நான் முதன்முதலில் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். எங்கள் நாலு தறியும் போனது கிலோ கணக்கில்தான். அப்பா அன்றைக்கு வீட்டில் இருக்கவில்லை, வேண்டுமென்றே எங்கோ போய்விட்டார்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், வேலையை நேசித்தால் அது நம்மைக் காப்பாற்றிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நியூ பெட்ஃபோர்டில் தறி முன்னால் நின்றவர்களிலும் என் அப்பாவைப் போல நாலு பேர் இருந்திருப்பார்கள். நேசம் ஒரு பக்கம், காலம் இன்னொரு பக்கம். பஃபெட்டுக்கு இரண்டும் ஒன்றாக அமைந்தது. அதில் அதிர்ஷ்டத்தின் பங்கு என்ன என்பதை அவர் மறைப்பதில்லை, இந்தக் காரணத்தினாலேயே எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. 1930இல், அமெரிக்காவில், வெள்ளைக்கார ஆணாகப் பிறந்தது தன் பெரிய யோகம், என் அக்காவும் தங்கையும் என்னளவு புத்திசாலிகள்தான், அவர்கள் முன்னால் அந்தக் கதவுகள் திறக்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். பணத்தேவை இல்லாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்பவர் தன் தேவையை எப்படித் தீர்த்துக்கொண்டார் என்று பாருங்கள். வாஷிங்டனில் பள்ளிப் பையனாகப் பேப்பர் போட்டார், பார்பர் கடைகளில் பின்பால் விளையாட்டு எந்திரம் வைத்தார், வந்ததைச் சேர்த்தார். 1956இல் ஒமாஹாவில் சொந்தமாகக் கூட்டுமுதலீட்டு நிறுவனம் தொடங்கியபோது 25 வயது, கையில் ஒன்றே முக்கால் லட்சம் டாலருக்கு அருகில் இருந்தது. அதாவது பயத்தை முதலில் விலக்கிவிட்டுத்தான் பிடித்த வேலைக்குள் முழுசாக இறங்கினார். உங்கள் வீட்டுக் கடனும் தங்கை கல்யாணமும் தடைகள் இல்லை முரளி, உங்கள் முறை வரும்வரை நீங்கள் செய்ய வேண்டிய காரியங்கள். வேலையை விட்டுவிட்டு வா என்று நான் சொல்லமாட்டேன், சொல்பவர்கள் பேச்சையும் கேட்காதீர்கள்.

படத்தில் எனக்கு மனசு கனத்த இடம் ஒன்று உண்டு. நீளமாக எதையாவது சொல்லத் தொடங்கினால் அப்பாவின் கவனம் தன் யோசனைகளுக்குள் போய்விடும் என்று மகள் சொல்கிறார். 1977இல் முதல் மனைவி சூசன் தனியாக சான்பிரான்சிஸ்கோவுக்குக் குடிபோனார். மணவாழ்க்கை முறியவில்லை, நட்பும் அன்பும் இருந்தன, ஆனால் ஒரே வீட்டில் இல்லை. அந்த இழப்பில் தன் பங்கு எவ்வளவு என்பதை அவர் கேமரா முன்னால் மூடி மறைக்கவில்லை. ஒரு வேலைமேல் அத்தனை பித்தாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர்களும் அதற்கு விலை கொடுக்கிறார்கள். உங்களுக்கு வரப்போகிறவளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இனி உங்கள் 340 ரூபாய்.

கடிதத்தில் உங்கள் குறை ஒவ்வொன்றையும் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். இந்த ஒன்றை மட்டும் விரித்து எழுதியிருக்கிறீர்கள். 'மாட்டிக்கொண்டு கிடக்கிறேன்' என்று புலம்புகிறீர்கள், ஆனால் உங்களை யார் உட்கார வைத்தது? மற்றவர்கள் கிளம்பு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். டேலி ஆகாத ஒரு கணக்கை விட்டுவிட்டு எழுந்திருக்க முடியாத ஆள் நீங்கள். இது எல்லோருக்கும் வருவதில்லை. எனக்குக் கிடையாது, நான் அன்றைக்கே ரவுண்ட் ஆஃபில் போட்டுவிட்டுப் பஸ் ஏறியிருப்பேன்.

1951 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. தன் ஆசிரியர் கிரஹாம் தலைவராக இருக்கும் கைகோ என்ற காப்பீட்டு நிறுவனம் எப்படித்தான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள நியூயார்க்கிலிருந்து ரயிலேறி வாஷிங்டன் போனார் பஃபெட். ஆபீஸ் பூட்டியிருந்தது. கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார், உள்ளே இருந்த பணியாள் வந்து திறந்தார். மாடியில் லோரிமர் டேவிட்சன் என்ற அதிகாரி ஒருவர் மட்டும் வேலையாக இருந்தார். முன்பின் தெரியாத இருபது வயதுப் பையனுக்கு அவர் நாலு மணி நேரம் பதில் சொன்னார். காப்பீட்டுத் தொழிலை அன்றைக்குத்தான் கற்றேன் என்பார் பஃபெட். பிடித்த வேலையைத் தேடி அந்தப் பையன் ரயில் ஏறவில்லை. ஒரு சந்தேகம் தீரவில்லை, அதனால் போனார்.

உங்கள் ஊரிலும் ஆடிட்டர் ஆபீஸ்கள் இருக்கின்றன. கணக்கில் நடந்த மோசடியைத் தோண்டி எடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், வங்கிகளும் நீதிமன்றங்களும் அவர்களைத் தேடுகின்றன. ஒரு சனிக்கிழமை அப்படி ஒருவர் ஆபீசுக்குப் போய், உங்கள் நாள் எப்படிப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். வேலை கேட்க வேண்டாம். கூச்சமாக இருக்கும்தான். நாலு பேர் முன்னால் பேசவே நடுங்கியவர் பஃபெட். 100 டாலர் கட்டி டேல் கார்னகி வகுப்பில் சேர்ந்து பேசக் கற்றார். அந்தச் சான்றிதழைத்தான் ஆபீஸ் சுவரில் மாட்டிவைத்திருக்கிறார், பல்கலைக்கழகப் பட்டத்தை இல்லை.

29 வயது ஒன்றும் அதிகம் இல்லை. அவர் 2025 மே மாதம், வருடக் கடைசியில் நிறுவனத்தின் தலைமை நிர்வாகப் பொறுப்பை கிரெக் ஏபலிடம் ஒப்படைக்கிறேன் என்று அறிவித்தபோது 94 வயது.

ஒன்று கேட்க வேண்டும். அந்த 340 ரூபாய் எங்கே இருந்தது என்று நீங்கள் எழுதவே இல்லை. செக் இரண்டு தடவை ஏறியிருந்ததா, வங்கிக்காரர்கள் பிடித்த சார்ஜா, இல்லை எண்கள் இடம் மாறிக் கிடந்தனவா? எப்படிக் கண்டுபிடித்தீர்கள், முதலில் எங்கே தேடினீர்கள்? விவரமாக எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா