கதை தெரிந்த பிறகு

அன்புள்ள ஐயா,

போன ஞாயிறு தொலைக்காட்சியில் ‘பாசமலர்’ போட்டார்கள். அப்பத்தாவோடு உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு இதுதான் முதல் முறை. ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் அடுத்தது என்ன என்று அப்பத்தா சொல்லிக்கொண்டே வந்தார். சொல்லாவிட்டாலும் எனக்கே தெரிந்திருக்கும். அத்தை வீட்டுக்குள் கால் வைத்ததுமே குடும்பம் உடையப்போகிறது என்று தெரிகிறது. தீபாவளி வந்ததும் ஏதோ விபரீதம் என்று தெரிகிறது. இருந்தும் கடைசியில் இரண்டு பேருமே அழுதோம். யூகிக்க முடியாத கதைதான் நல்ல கதை என்று இதுவரை நினைத்திருந்தேன். இது எப்படி என்னை அசைத்தது? சிவாஜியும் சாவித்திரியும் நடித்து என்னை ஏமாற்றிவிட்டார்களா?

வாசகர், ஓசூர்

அன்புள்ள நண்பருக்கு,

ஏமாற்றவில்லை. நீங்கள் பார்க்க வேண்டியதைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

கதையைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. 1961-ல் படம் வந்தபோதே அது யூகிக்கக்கூடிய கதைதான். இதே படத்தை இயக்கிய பீம்சிங்கின் ‘பாகப்பிரிவினை’யையும் ‘படிக்காத மேதை’யையும் அதற்கு முந்தைய இரண்டு வருடங்களில் பார்த்த ஜனங்கள்தான் இதற்கும் வந்தார்கள். ஒரு வீடு எப்படிப் பிரியும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. அந்த அத்தை பாத்திரம் எழுத்திலேயே பலவீனமானது என்பேன். குடும்பத்தைப் பிரிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது, கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

சின்ன வயதில் செய்யாறு பக்கம் ஒரு கிராமத்தில் கர்ண மோட்சம் கூத்து பார்க்கப் போனேன். நடு ராத்திரியில் தூங்கிவிட்டேன். கர்ணன் போருக்குக் கிளம்பும்முன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் இடம் வந்ததும் தாத்தா என்னை உலுக்கி எழுப்பினார். கர்ணன் சாகப்போகிறான் என்பது எனக்கும் தெரியும், அங்கே தரையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். “எப்படிக் கிளம்புறான் பாரு” என்றார் தாத்தா. அவ்வளவுதான் சொன்னார். என்ன நடக்கும் என்ற கேள்வி இல்லாத இடத்தில், ஆடுகிறவன் மட்டும்தான் இருக்கிறான். மொத்தக் கண்ணும் அவன்மேல்தான்.

‘பாசமலர்’ அந்த வகையைச் சேர்ந்தது. தங்கை ராதா (சாவித்திரி) தன் காதலனிடம், அண்ணன் சம்மதம் இல்லாமல் இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அண்ணன் ராஜசேகர் (சிவாஜி) மறைவில் நின்று கேட்கிறார். அவர் மனம் மாறிவிடுவார் என்று நமக்கு முன்பே தெரியும். தெரிந்ததால்தான் வசனத்தை விட்டுவிட்டு அந்த முகத்தைப் பார்க்கிறோம். அதுவரை கொதித்துக்கொண்டிருந்த மனிதன் பேசாமல் நிற்கிறான். ஆத்திரம் வடிந்து வெட்கமாகி, வெட்கம் பாசமாகிறது. திருப்பங்கள் நிறைந்த கதை என்றால் இந்த மாற்றத்துக்கு நேரம் கொடுத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் படத்தைத் தூக்கி நிறுத்துவது யார் என்று கேட்டால், நான் சாவித்திரியைத்தான் முதலில் சொல்வேன். சிவாஜி சிறுவயதிலேயே நாடகக் கம்பெனிக்குப் போனவர். கடைசி வரிசைக்கும் போய்ச் சேரவேண்டும் என்று பழகிய குரல், பழகிய உடம்பு. அவர் பேசும்போது சாவித்திரி கேட்கிறார். அந்தக் கேட்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அவர் கண் நிறைவதைப் பார்த்த பிறகு, அண்ணனின் பெரிய வசனம் பெரியதாகவே தெரிவதில்லை. இப்படி ஒரு தங்கையிடம் வேறு எப்படிப் பேசமுடியும் என்று தோன்றிவிடுகிறது. மிகை என்று சிவாஜியைக் குறை சொல்கிறவர்கள் சாவித்திரி பக்கம் பார்த்துக்கொண்டு அந்தக் காட்சிகளை இன்னொரு முறை பார்க்கலாம்.

இன்னொன்று. ‘வணங்காமுடி’யில் (1957) இவர்கள் காதல் ஜோடி. ‘பாசமலர்’ வந்து மூன்று வருடம் கழித்து ‘நவராத்திரி’யில் மறுபடியும் ஜோடி. நடுவில் அண்ணன் தங்கை. போதாததற்கு, ராதாவின் கணவனாக நடித்த ஜெமினி கணேசன் சாவித்திரிக்கு நிஜத்திலும் கணவர். அரங்கில் இருந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியும். படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே அதையெல்லாம் மறக்கடித்துவிட்டார்கள். கதையால் அதைச் செய்ய முடியாது.

சாகும்போது ராஜசேகர் ‘கைவீசம்மா கைவீசு’ என்கிறாரே, அது எந்த வசனகர்த்தாவும் எழுதியதில்லை. நம் வீட்டுக் குழந்தைகளுக்குச் சொல்லும் பாட்டு. வெடியிலிருந்து ஒரு குழந்தையைக் காக்கப்போய்க் கண்ணை இழந்தவர், தங்கையின் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்கிறார். காகிதத்தில் படித்தால் சாதாரணம். வேறு ஒரு நடிகர் சொல்லியிருந்தால் சிரிப்புகூட வந்திருக்கலாம். இதே மாதிரி அண்ணன் தங்கைக் கதைகள் பிறகு எத்தனையோ வந்தன. விபத்து, பிரிவு, சாவு எல்லாம் அவற்றிலும் இருந்தன. பெரும்பாலானவை நமக்கு ஞாபகம்கூட இல்லை.

இந்தக் கதையையே அடுத்த வருடம் பீம்சிங் இந்தியில் ‘ராக்கி’ என்று எடுத்தார். அசோக் குமார் அண்ணன், வஹீதா ரஹ்மான் தங்கை. அசோக் குமாருக்கு ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. தெலுங்கில் அதே 1962-ல் ‘ரக்த சம்பந்தம்’. அதிலும் தங்கை சாவித்திரிதான், அண்ணனாக என்.டி.ராமாராவ். அதே வருடம் வந்த ‘குண்டம்ம கதா’வில் அவர்கள் இருவரும் ஜோடி!

‘ரக்த சம்பந்தம்’ கிடைத்தால் பாருங்கள். சாவித்திரி எதை அப்படியே வைத்துக்கொண்டார், அண்ணன் மாறியதும் எதை மாற்றினார் என்று கவனியுங்கள். அப்பத்தாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். தெலுங்கு புரியாதே என்பார். பரவாயில்லை, கதைதான் அவருக்குத் தெரியுமே.

அன்புடன்