கல்லீரலில் கட்டியாம்: குமிழி ஸ்கேன் பற்றி டர்பன் வாசகர்களின் கேள்விகள்

பித்தப்பைக் கல்லுக்காக ஸ்கேன் எடுத்தேன். கல்லீரலில் 3 சென்டிமீட்டரில் ஹெமாஞ்சியோமா போல ஒன்று இருக்கிறதாம். கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட் (குமிழி ஸ்கேன்) எடுக்கச் சொல்கிறார்கள். சாதா ஸ்கேனில் தெரியாதது இதில் என்ன தெரியும்? — சாட்ஸ்வொர்த் வாசகி

சாதா ஸ்கேன் கட்டி இருக்கிறது என்று காட்டும். வெள்ளையாக, வட்டமாக இருந்தால் ஹெமாஞ்சியோமா, அதாவது ரத்தக்குழாய்கள் திரண்ட சாதுவான கட்டி, என்று ஊகிக்கலாம். உள்ளே ரத்தம் எப்படி நுழைகிறது, நுழைந்தது தங்குகிறதா என்று பார்த்தால்தான் ஆள் யாரென்று புரியும்.

கை நரம்பில் பால் நிறத்தில் 2.4 மில்லி மருந்து ஏற்றுவோம். அதில் இருப்பது சாயம் இல்லை, வாயு அடைத்த நுண்குமிழிகள். சிவப்பணுவைவிடச் சிறியவை, ரத்தக்குழாயை விட்டு வெளியே போகாது. முதல் பத்து, இருபது வினாடி திரை இருட்டாகக் கிடக்கும். பிறகு, ஹெமாஞ்சியோமா என்றால், கட்டியின் ஓரத்தில் மொட்டு மொட்டாக வெளிச்சம் பிடிக்கும். மொட்டுகள் பெருத்து நடுவை நோக்கி நகரும். பெரிய கட்டிகளில் நடுப்பகுதி நிரம்பாமலே நின்றுவிடுவதும் உண்டு. பரவாயில்லை, ஏறிய வெளிச்சம் இறங்கக்கூடாது, அதுதான் முக்கியம். அந்த உருவம் சுத்தமாக வந்துவிட்டால் ஊசியால் சதை எடுக்கும் வேலையே இல்லை.

மகளுக்கு 29 வயது, கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாள். ஒரு டாக்டர் எஃப்என்எச் என்கிறார், இன்னொருவர் அடினோமா என்கிறார். இரண்டும் ஒன்றுதானே? — டோங்காட் தாய்

இல்லையம்மா, இந்த வித்தியாசம் உங்கள் மகளுக்கு ரொம்ப முக்கியம். எஃப்என்எச் என்பது ஈரல் செல்களே முடிச்சாகத் திரண்ட, புற்றல்லாத கட்டி; அதில் வெளிச்சம் நடுவிலிருந்து வெளியே விரியும். தேர்ச்சக்கரத்தின் ஆரங்கள் மாதிரி. சில வினாடியில் முடிந்துவிடுவதால் வீடியோவை மெதுவாக ஓட்டித்தான் நான் பார்ப்பேன். அடினோமாவும் புற்றல்லாத கட்டிதான், ஆனால் அது ஓரத்திலிருந்தோ கலந்தோ நிரம்பும். சிக்கல் என்னவென்றால், சில அடினோமாக்கள் கடைசிக் கட்டத்தில் லேசாக மங்கி, புற்றுநோயோ என்று குழப்பும். அப்போது எம்ஆர்ஐ எடுப்பதுதான் சரி.

எஃப்என்எச் என்றால் மாத்திரையை நிறுத்த அவசியமில்லை. அடினோமா என்றால் நிறுத்த வேண்டும். 5 சென்டிமீட்டரைத் தாண்டினால் ரத்தக்கசிவு பயம் உண்டு, அறுவை பற்றிப் பேசுவார்கள். (ஜிம்மில் ஸ்டீராய்டு போடும் தம்பிகளே, உங்களுக்கும் அடினோமா வரும். ஆண்களுக்கு அளவு பார்க்காமலே எடுத்துவிடச் சொல்வார்கள்.)

எனக்கு 52 வயது, ஹெபடைடிஸ் பி உண்டு. எனக்கும் இது சாதாரணக் கட்டியாகத்தான் இருக்குமா? — ஃபீனிக்ஸ் வாசகர்

ஐயா, உங்கள் விஷயத்தில் நான் எச்சரிக்கையாகவே பேசுவேன். தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளுக்கான தடுப்பூசி அட்டவணையில் ஹெபடைடிஸ் பி 1995இல்தான் சேர்ந்தது. உங்கள் வயதுக்காரர்கள் பலருக்கு அது கிடைக்கவில்லை. ஈரல் புற்று முதலில் பளிச்சென்று ஏறி, 60 வினாடிக்குப் பிறகு மெல்ல மங்கும். வேறிடத்திலிருந்து பரவிய புற்று அதற்கு முன்பே, நன்றாகவே மங்கிவிடும். எனவே இரண்டு நிமிடத்தில் 'முடிஞ்சுதா?' என்று எழுந்துவிடாதீர்கள். நாலைந்து நிமிடம் வரை விட்டுவிட்டுப் பார்க்க வேண்டும்; மெல்ல மங்குவது அதற்குள்தான் பிடிபடும்.

சர்க்கரை நோயால் கிட்னி பலவீனம். சிடி மருந்து வேண்டாம் என்றார்கள். இது?

எடுக்கலாம். குமிழியின் வாயு கிட்னி வழியாகப் போவதில்லை, மூச்சுக்காற்றில் சில நிமிடங்களில் வெளியேறிவிடும். கிரியேட்டினின் பரிசோதனைகூட இதற்காக வேண்டாம். கடுமையான ஒவ்வாமை அபூர்வம். மேக்ரோகால் (இந்த மருந்தில் கலந்திருக்கும் ஒரு பொருள்) ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

புரட்டாசி விரதத்தில் இருக்கிறேன். பட்டினியாகவே வரலாமா?

வாருங்கள், நல்லதுதான். மருந்துக்குப் பட்டினி தேவையில்லை, ஆனால் குடலில் காற்று குறைந்தால் ஈரல் தெளிவாகத் தெரியும். தண்ணீர் குடிக்கலாம். கொழுப்பு ஏறிய ஈரலில் ஆழத்தில் இருக்கும் கட்டி எப்படியும் எனக்கு மங்கலாகத்தான் தெரியும். அதற்கு உங்கள் விரதமும் உதவாது, எம்ஆர்ஐக்கு எழுதித் தருவேன்.